கடோத்கஜன் லட்டும் கலை அரசியின் விண்கலமும்

பத்து, ஒன்பது, எட்டு, ஏழு என்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஒலிபெருக்கியில் எண்ணுகிறார்களே, அந்தத் தலைகீழ் எண்ணிக்கை சினிமாவில் பிரபலமாகி விஞ்ஞானத்துக்குப் போனது என்று சொன்னால் நம்புவீர்களா? 1929ல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் லாங் என்ற இயக்குநர் 'ஃப்ராவ் இம் மோண்ட்' (நிலவில் ஒரு பெண்) என்று ஒரு மௌனப் படம் எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறு வரிசையில் எண்ணினால் ராக்கெட் எப்போது கிளம்பும் என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அதனால் மனுஷர் எண்ணைத் திருப்பிப் போட்டார். மௌனப் படம் ஆச்சே, திரையில் எழுத்தாகத்தான் எண்கள் வரும். படத்துக்கு ஆலோசகர் ஹெர்மன் ஓபெர்த், ராக்கெட் இயலின் முன்னோடிகளில் ஒருவர். பிற்பாடு நிஜ ராக்கெட்காரர்களும் அதே மாதிரி எண்ண ஆரம்பித்தார்கள்.

இந்த சமாச்சாரத்தைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஊர் நினைப்புதான். நான் சித்தூர்க்காரன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் இரண்டும் கலந்த ஒன்று. (அந்தக் கலவையை இரண்டு பக்கத்துக்காரர்களும் கேலி பண்ணுவார்கள், அது தனிக் கதை.) எங்கள் பக்கத்துக்கும் விண்வெளிக்கும் உள்ள சம்பந்தம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீஹரிகோட்டா, 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது புதிதாக உருவான திருப்பதி மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆக பெருமாளும் ராக்கெட்டும் இப்போது ஒரே கலெக்டர் கீழே :-)

அது மட்டும் இல்லை. சித்தூரிலிருந்து திருப்பதி போகிற வழியில் காதங்கி என்று ஒரு ஊர். அங்கே மலைகளுக்கு நடுவில் 1024 ஆண்டெனாக்களை 32க்கு 32 என்று கட்டம் போட்ட மாதிரி நட்டு வைத்து, காற்று மண்டலத்தை ஆராயும் ரேடார் ஒன்று 1990களின் தொடக்கத்திலிருந்து வேலை செய்கிறது. அந்தத் திடலின் படத்தை எந்த ஹாலிவுட் கலை இயக்குநரிடம் காட்டினாலும், 'யார் போட்ட செட்?' என்று கேட்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ராத்திரி என் மகளை உட்கார வைத்து 'கலை அரசி' படம் போட்டுக் காட்டினேன். 1963ல் வந்த எம்.ஜி.ஆர். படம், ஏ. காசிலிங்கம் இயக்கியது. வேற்றுக் கிரகவாசிகள் வரும் முதல் இந்தியப் படம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். விண்கலம் வந்த காட்சியில் அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! 'அப்பா, இட்ஸ் கார்ட்போர்ட்!' அட்டைதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவள் அட்டையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நம் ஆட்களைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று தோன்றியது. அதற்குப் பதில் சொல்ல எனக்கு அன்றைக்கு வார்த்தை வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இங்கே வளரும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் எல்லாம் இந்தச் சிரிப்பு ஒரு நாள் வரும்.

முதல் விஷயம், அவர்கள் ஊர்ப் படமும் அட்டைதான். 1902ல் பாரிஸில் ஜார்ஜ் மெலியஸ் நிலாவுக்குப் போகும் படம் எடுத்தார். அவர் தொழில்முறை மந்திரவாதி. மேடையில் ஆளை மறைய வைக்கிறவர். ஒருமுறை தெருவில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கேமரா சிக்கி நின்று, மறுபடி ஓடியதாம். போட்டுப் பார்த்தால் குதிரை வண்டி ஒன்று சவ வண்டியாக மாறியிருக்கிறது! இது அவரே சொன்ன கதை, எவ்வளவு நிஜமோ. ஆனால் அந்தத் தந்திரம் நிஜம். கேமராவை நிறுத்து, ஆளை மாற்று, மறுபடி ஓட்டு. நம் புராணப் படங்களில் நாரதர் டக்கென்று தோன்றுவாரே, அதே வித்தைதான்.

என் கட்சி இதுதான்: மேல்நாட்டு விண்வெளிப் படத்தின் தாய் வானவியல் ஓவியம். நம்மூர் விண்வெளிப் படத்தின் தாய் புராணப் படம். இதைப் புரிந்துகொள்ளாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

அமெரிக்காவில் செஸ்லி போன்ஸ்டெல் என்று ஒரு ஓவியர். கட்டட வரைபடக்காரராக இருந்து, ஹாலிவுட்டில் பின்னணி ஓவியம் தீட்டி, பிறகு சனி கிரகம் அதன் நிலாவிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்றெல்லாம் கணக்குப் போட்டு வரைந்தவர். 1950ல் வந்த 'டெஸ்டினேஷன் மூன்' படத்துக்கு அவர்தான் நிலாவை வரைந்தார். அதில் ஒரு வேடிக்கை உண்டு. நிலாத் தரையில் வெடித்த ஏரி மாதிரி பாளம் பாளமாக விரிசல் இருக்கும். தண்ணீரே இல்லாத இடத்தில் சேறு எப்படிக் காயும்? போன்ஸ்டெலுக்கு அது பிடிக்கவே இல்லை. செட் போட்டவர்களுக்கோ தூரம் தெரிய வேண்டும். விரிசல் போகப் போகச் சின்னதாக ஆனால்தான் ஸ்டூடியோச் சுவர் பல மைல் தள்ளி இருப்பதாகக் கண் ஏமாறும். விஞ்ஞானம் தோற்றது, தச்சர் ஜெயித்தார். இத்தனைக்கும் போன்ஸ்டெல் வரைந்த கூரான நிலா மலைகளும் நிஜத்தில் இல்லை. அங்கே போய்ப் பார்த்தபோது எல்லாம் மொழுமொழுவென்று மேடாகத்தான் இருந்தன.

இப்போது நம் பக்கம். சினிமா வருவதற்கு முன்னாலேயே நம் மக்கள் மேடையில் ஆகாயத்தைப் பார்த்தவர்கள். எங்கள் பக்கத்து மாவட்டமான கடப்பாவில் 1885ல் ஆரம்பித்த சுரபி நாடகக் குடும்பம், மாயாபஜார் கதையை மேடையில் தந்திரக் காட்சிகளோடு நடத்திப் பேர் வாங்கியது. தமிழில் நவாப் ராஜமாணிக்கம் கம்பெனி இருந்தது. பிற்காலத்தில் ஆர்.எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வரன்' பார்த்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் சிலராவது இருப்பீர்கள். காளஹஸ்திக் கலம்காரித் துணியைப் பாருங்கள். மூங்கில் கலத்தால் கோடு போட்டு, கட்டம் கட்டமாகக் கதை சொல்லி, கோயிலில் தொங்கவிடுகிற சீலை. மேகத்துக்கு மேலே தேர் போகும். எந்தக் குழந்தையும் 'இது துணிதானே' என்று சிரித்ததில்லை.

இந்த வழியில் வந்தவர்கள்தான் வாகினி ஸ்டூடியோவில் 1957ல் 'மாயா பஜார்' எடுத்தார்கள். தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று. இயக்கம் கே.வி. ரெட்டி, ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி, கலை கோகலேயும் கலாதரும். எங்கள் ஊரில் இரண்டும் ஓடும், இரண்டையும் பார்ப்போம். தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். ஆனால் கடோத்கஜன் இரண்டிலும் ரங்கா ராவ்தான், வேறு யாரைப் போடுவது?

அதில் துவாரகை நகரம் வருமே, அது 50க்கு 60 அடி இடத்தில் சுமார் 300 குட்டி வீடுகளை வைத்துக் கட்டியது. ஒவ்வொரு வீடும் பொம்மை அளவுதான். உள்ளே மின்விளக்குப் போட்டிருக்கிறார்கள். மினியேச்சர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதில் இருக்கிற தொல்லை என்ன தெரியுமா? சின்னப் பொருளை அருகில் வைத்துப் படம் எடுத்தால் முன்பக்கம் தெளிவாக இருக்கும், பின்பக்கம் மங்கும். கண் உடனே 'பொம்மை' என்று கண்டுபிடித்துவிடும். எல்லாமே தெளிவாக இருக்க வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்க வேண்டும். துவாரம் சின்னதானால் வெளிச்சம் எக்கச்சக்கமாக வேண்டும். வெளிச்சம் கூடினால் குட்டி விளக்குகள் எரிவது தெரியாது. இந்த முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்துத்தான் ஊர் ஊராகத் தெரிந்தது.

அப்புறம் பார்ட்லியின் நிலா. அந்தக் காலத்து ஃபிலிமில் நிஜ நிலவொளியில் படம் எடுத்தால் ஒன்றுமே பதியாது, கறுப்புத்தான். படகுப் பாட்டில் நாம் பார்க்கிற நிலவு முழுக்க முழுக்க விளக்கும் வடிகட்டியும் கை சுத்தமும். பார்ட்லி ஓர் ஆங்கிலோ இந்தியர். பிற்பாடு 'செம்மீன்' படத்தில் கடலைக் காட்டியவரும் இவரே. 2010ல் தெலுங்கு மாயாபஜாருக்குக் கணினியில் வண்ணம் பூசி வெளியிட்டார்கள். புது ஆட்கள் நிறையப் பேர் பார்த்தார்கள், நல்லதுதான். ஆனால் என்னைக் கேட்டால் அந்த நிலவு செத்துவிட்டது. வெள்ளிச் சாம்பலில் செய்த பண்டத்துக்கு நீலப் பொடி தூவிய மாதிரி.

லட்டு கதைக்கு வருகிறேன். கல்யாண விருந்தில் கடோத்கஜன் உட்கார்ந்த இடத்தில் இருப்பான், லட்டுகள் தாமாகக் கிளம்பி வாய்க்குள் போகும். திருப்பதிப் பக்கத்துக்காரனுக்கு லட்டு என்றாலே ஒரு பக்தி, அது பறந்தால் கேட்கவா வேண்டும்! இந்த மாதிரிக் காட்சிக்குப் பொதுவாக இரண்டு வழி உண்டு. ஒன்று, பின்னணிக்கு ஏற்ற நிறத்தில் மெல்லிய கம்பி கட்டி இழுப்பது. இன்னொன்று, கேமராவைப் பின்னோக்கி ஓட்டி, மேலிருந்து கீழே விழுவதை எடுத்து, திரையில் கீழிருந்து மேலே போவதாகக் காட்டுவது. இரண்டாவதில் நடிகர் வாயசைப்பும் முழுங்குவதும் தலைகீழாக நடிக்க வேண்டும். அதற்கு ரங்கா ராவ் மாதிரி ஆள் வேண்டும்.

இதோடு 1968ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யை வையுங்கள். விண்கலத்தில் ஒரு பேனா காற்றில் மிதக்கும். பணிப்பெண் நடந்து வந்து அதைப் பிடிப்பாள். என்ன செய்தார்கள்? பெரிய கண்ணாடித் தட்டில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பால் பேனாவை ஒட்டி, கண்ணாடியைச் சுழற்றினார்கள். அவள் பிய்த்து எடுத்தாள். அவ்வளவுதான். கம்ப்யூட்டரும் இல்லை ஒன்றும் இல்லை. கடோத்கஜன் லட்டும் குப்ரிக்கின் பேனாவும் ஒரே ஜாதி. வித்தியாசம் காசில். அந்தப் படத்தில் விண்கலத்துக்கு உள்ளே ஓடுகிற காட்சிக்காக 38 அடி விட்டத்தில் சுழலும் சக்கரம் ஒன்றை விமானக் கம்பெனியிடம் சொல்லிச் செய்தார்கள். அதற்கு மட்டும் ஏழரை லட்சம் டாலர். டிஸ்கவரி விண்கலத்தின் பெரிய மாடல் 54 அடி நீளம். ஒரு மாடலே கிட்டத்தட்ட நம் துவாரகை நகரத்தின் நீளம்! கடைசியில் வரும் ஒளிக் குகைக் காட்சியை உருவாக்கிய டக்ளஸ் ட்ரம்பலுக்கு அப்போது இருபது வயதுகள்தான். சின்னப் பிளவுக்குப் பின்னால் ஓவியத்தை நகர்த்தி, கேமராவையும் நகர்த்தி, ஒரு ஃப்ரேமுக்கு நீண்ட நேரம் வெளிச்சம் காட்டி எடுத்தது. பொறுமைதான் மூலதனம்.

அந்தக் கதையை எழுதிய ஆர்தர் கிளார்க் 1956லிருந்து இலங்கைவாசி. கொழும்பில் அவரோடு இருந்த மைக் வில்சன் 1967ல் சத்யஜித் ராயை 'தி ஏலியன்' என்ற படத்துக்காக ஹாலிவுட்டுக்கு அழைத்துப் போனார். கதையில், வங்காளக் கிராமத்துத் தாமரைக் குளத்தில் ஒரு விண்கலம் இறங்கும். கூர்முனை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். ஊர் மக்கள் அதைப் பூமிக்குள்ளிருந்து எழுந்த கோயில் என்று நினைத்துக் கும்பிட ஆரம்பிப்பார்கள். படம் கடைசி வரை எடுக்கப்படவே இல்லை. அந்த ஒரு காட்சிக்காகவாவது எடுத்திருக்கலாம் என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.

சிரிக்காதீர்கள், ராய் எழுதியது கற்பனை மட்டும் இல்லை. 2023 ஜூலை 13ம் தேதி இஸ்ரோ விஞ்ஞானிகள் சந்திரயான் 3ன் குட்டி மாடலை எடுத்துக்கொண்டு திருமலைக்குப் போய்ப் பெருமாள் காலடியில் பூஜை செய்துவிட்டு வந்தார்கள். மறுநாள் நிஜ ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பியது. பேப்பரில் எவ்வளவோ கிண்டல், எவ்வளவோ பாராட்டு. நான் இரண்டிலும் சேரவில்லை. ஒரு ஜாண் மாடலைக் கையில் வைத்துக்கொண்டு பெரியதை நினைப்பது எங்கள் பக்கத்து மனுஷர்களுக்குப் பழக்கமான காரியம், அவ்வளவே.

இப்போது மறுபடி 'கலை அரசி'. கதை என்ன? ஒரு கிரகத்தில் விஞ்ஞானம் எல்லாம் இருக்கிறது, சங்கீதம் மட்டும் இல்லை. பூமியிலேயே சிறந்த பாடகியைக் கொண்டு வரக் கிளம்புகிறார்கள். நம்பியார் வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார். (வேற்றுக் கிரகமானாலும் வில்லன் நம்பியார்தான்!) எம்.ஜி.ஆர். தேடிப் போகிறார். 1961ல் ககாரின் விண்வெளிக்குப் போய், அதே வருஷம் இந்தியாவுக்கும் வந்து போயிருந்தார். 1963 நவம்பரில்தான் தும்பாவிலிருந்து நம் முதல் ராக்கெட் கிளம்பியது, அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த ராக்கெட். அதே வருஷம் தமிழ் சினிமா கிரகம் விட்டுக் கிரகம் போய்விட்டது.

ஹாலிவுட்டில் அந்தச் சமயத்துப் படங்களில் வேற்றுக் கிரகத்துக்காரன் எதற்கு வருவான்? 1953ல் வந்த 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்', 1956ல் ரே ஹாரிஹௌசன் பறக்கும் தட்டுகளை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி எடுத்த படம், எல்லாவற்றிலும் ஊரை இடிக்கத்தான் வருவான். எங்கள் ஆள் பாட்டு வாத்தியார் தேடி வருகிறான். அட்டை ராக்கெட்டுதான், ஆனால் அதில் ஏறி வந்த யோசனை அட்டை இல்லை. என் மகளிடம் அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் காரில் போகும்போது சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அவங்ககிட்ட பாட்டே இல்லேன்னா, பாட்டு நல்லாயிருக்கும்னு எப்படித் தெரியும்?' என்று கேட்டாள். நல்ல கேள்வி. நம்பியார்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கிரகம் ஏன் தேவலோகம் மாதிரி இருக்கிறது என்ற கேள்விக்கும் விடை ஸ்டூடியோவில்தான் இருக்கிறது. மெட்ராஸில் வைகுண்டம் போடத் தெரிந்த தச்சர்களும் ஓவியர்களும் தையற்காரர்களும்தான் இருந்தார்கள். 'வேற்றுக் கிரகம்' என்று கேட்டால் அவர்கள் தெரிந்ததிலிருந்துதானே ஆரம்பிப்பார்கள்? நாலு வருஷம் கழித்து 1967ல் டி.பி. சுந்தரம் இயக்கி இந்தியில் தாரா சிங் நடித்த 'சாந்த் பர் சடாயீ' வந்தது. நிலாவில் மல்யுத்தம்! அங்கேயும் இதே கதைதான். இன்னும் பின்னே போனால், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்கர்களும் சேர்ந்து எடுத்த 'காடு' (1952) படத்தில் பழங்கால மாமத் யானை வேண்டும் என்று நம் யானைகளுக்கே சடை சடையாக முடி ஒட்டிவிட்டார்கள். யானை என்ன நினைத்திருக்கும்!

எனக்கு உண்மையில் வயிறு எரிகிற இடம் வேறு. லாஸ் ஏஞ்சலஸில் அகாடமி அருங்காட்சியகம் என்று 2021ல் திறந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். அங்கே '2001' படத்தில் நிலாவுக்குப் போகும் ஏரிஸ் என்ற உருண்டைக் கலத்தின் மாடல் இருக்கிறது. குப்ரிக் எல்லா மாடல்களையும் அழிக்கச் சொன்னதாகத்தான் பேச்சு. இது எப்படியோ தப்பித்து, இங்கிலாந்தில் யார் வீட்டிலோ நாற்பது வருஷம் கிடந்து, 2015ல் ஏலத்துக்கு வந்தது. அகாடமி 3,44,000 டாலர் கொடுத்து வாங்கியது. கிட்டே போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் பொம்மை செட்டுகளின் துண்டுகளை ஒட்டியிருப்பது தெரிகிறது. தாத்தாக்களும் பேரன்களும் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்க்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை.

துவாரகையின் 300 வீடுகளில் ஒன்றாவது எங்காவது இருக்குமா? செட்டைப் பிரித்தால் மரம் அடுத்த செட்டுக்குப் போகும், அதுதான் நம் ஸ்டூடியோ வழக்கம். ஆசியாவிலேயே பெரிய ஸ்டூடியோ என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட வாகினி இருந்த வடபழனி வளாகத்தில் ஆஸ்பத்திரி வந்தது, பிறகு பெரிய மால் வந்தது. ரவிகாந்த் நாகாய்ச் என்ற ஒருவர் 1961ல் என்.டி. ராமாராவின் 'சீதாராம கல்யாணம்' படத்தில் ராவணனின் மாயங்களைக் கேமராவிலேயே செய்து காட்டினார். பேரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்? லூகாஸின் ஓவியர் ரால்ஃப் மக்வாரியின் வரைபடங்கள் புத்தகமாகக் கிடைக்கின்றன, என் அலமாரியிலேயே இருக்கிறது. கோகலேயும் கலாதரும் மாயாபஜாருக்கு வரைந்ததை அப்படி ஒரு புத்தகமாகப் போட்டால் எந்த விலைக்கும் வாங்குவேன்.

2018ல் தமிழில் 'டிக் டிக் டிக்', தெலுங்கில் 'அந்தரிக்ஷம்' என்று ஒரே வருஷத்தில் இரண்டு விண்வெளிப் படங்கள் வந்தன. 2024ல் 'அயலான்' வந்தது. கணினி வேலை நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். அவற்றின் கோப்புகளையாவது யாராவது பத்திரமாக வைத்திருக்கட்டும்.

பிள்ளைகளோடு பார்ப்பதானால் மாயாபஜாரிலிருந்து ஆரம்பியுங்கள், கறுப்பு வெள்ளைப் பிரதியாகப் பாருங்கள். விருந்துக் காட்சி வந்ததும் ஒலியை நிறுத்திவிட்டு, லட்டைத் தூக்குவது கம்பியா பின்னோட்டமா என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஓட்டு இரண்டுக்கு இரண்டு. என் ஓட்டு பின்னோட்டத்துக்கு, ரங்கா ராவின் தொண்டை அசைவைப் பார்த்துச் சொல்கிறேன். மகள் ஒன்பது முறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கம்பிதான் என்கிறாள்.